300-க்குள் இருந்த 450

ஓவர்கிளாக் செய்யும் கேமிங் கணினிக்குப் பாகம் பொறுக்குவது தனிக் கலை. விலை உயர்ந்ததை யாரும் வாங்கிவிடலாம்; ஒன்றோடொன்று ஒத்துப்போகிறவற்றைச் சேர்ப்பதில்தான் ரசனை தெரியும்.

1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ இதற்கு அருமையான சான்று. மலிவான சிப். பெருக்கி 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் 300 மெகாஹெர்ட்ஸ் ஓடும். பஸ்ஸை 100-க்கு ஏற்றினால் 450. அன்றைய விலையுயர்ந்த பென்டியம் 2-இன் வேகம் அது! கேச் 128 கேபிதான். ஆனால் சிப்புக்குள்ளேயே இருந்ததால் முழு வேகத்தில் ஓடியது. பென்டியம் 2-இன் 512 கேபி கேச் பாதி வேகத்தில்தான் ஓடியது.

சிப் மட்டும் போதாது. 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள மதர்போர்டு, பிசி100 ராம், நல்ல ஹீட்சிங்க், ஃபேன் எல்லாம் கூடிவர வேண்டும். ஏபிட் பிஎச்6 போர்டில் ஜம்பரைப் பிடுங்கி மாட்டும் வேலையே இல்லை. பஸ் வேகத்தையும் கோர் வோல்டேஜையும் பயாஸ் திரையிலேயே மாற்றலாம். 2.0 வோல்ட்டில் தடுமாறும் சிப் சற்றுக் கூட்டினால் நிலைகொள்ளக்கூடும். கூடவே சூடும் ஏறும். ஹீட்சிங்கின் தரம் அப்போதுதான் தெரியும்.

இன்றும் பாகம் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பொருத்தத்தைத்தான். விலை அதற்குப் பிறகுதான்.