பல் இருந்த பறவையால் யாருக்கு என்ன பயன்?

தேக்கா சந்தையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது. 1880-ல் வந்த ஒரு புத்தகத்தின் ஸ்கேனை நண்பனிடம் கைபேசியில் காட்டினேன். ஆளுயரப் பறவை ஒன்றின் எலும்புக்கூடு, தாடையில் வரிசையாகப் பல்.

"சரி, இதைப் படிச்சு என்னடா பண்ணப் போற?"

அவனும் நானும் ஒரே இடத்தில் பொறியியல் படித்தவர்கள். லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் 2015-ல் திறந்தபோதும் அங்கே நிற்கும் மூன்று டைனோசர்களைப் பார்த்து அவன் முதலில் கேட்டது விலைதான். சுமார் 80 லட்சம் வெள்ளி. கேட்டது தப்புன்னு சொல்லல. ஆனால் இந்தப் புத்தகம் அந்தக் கேள்வியிடம் ஏற்கெனவே ஒருமுறை நன்றாக அடி வாங்கியிருக்கிறது.

புத்தகத்தின் பெயர் 'ஒடான்டார்னிதீஸ்'. எழுதியவர் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒத்னியல் சார்லஸ் மார்ஷ். வட அமெரிக்காவின் நடுவே ஒரு கடல் ஓடிய காலத்தில், அதாவது ஏறக்குறைய 8 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், அதில் மூழ்கி மீன் பிடித்த ஹெஸ்பெரார்னிஸ்தான் இதன் நாயகன். நீளம் 6 அடி வரை. இறக்கையில் மேல்கை எலும்பு மட்டுமே மிச்சம். பறக்காது. பின்னால் தள்ளி அமைந்த பெரிய கால்களால் உந்தி நீந்தும்.

பறவைக்குப் பல் என்பதை மார்ஷே முதலில் நம்பவில்லை. 1872-ல் பெஞ்சமின் மட்ஜ் கேன்சாஸிலிருந்து அனுப்பிய கல்லில் இக்தியார்னிஸ் என்ற சின்னப் பறவையின் எலும்புகளும், பல்லோடு ஒரு தாடையும் இருந்தன. தாடை ஏதோ கடல் ஊர்வனவுடையது என்று முடிவு செய்து அதற்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார். மேலும் கல்லைச் செதுக்கிய பிறகுதான் இரண்டும் ஒரே உயிர் என்று புரிந்தது. கண்ணெதிரே இருப்பதைவிட ஏற்கெனவே தெரிந்ததை நம்பும் வாசிப்பு இது. நாமும் நாவலை இப்படித்தானே பல நேரம் வாசிக்கிறோம்?

அந்தப் பாடத்தை அவர் முழுசாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் என் குறை. ஹெஸ்பெரார்னிஸின் கால்கள் முக்குளிப்பான் போன்ற பறவைகளின் கால்களை ஒத்திருப்பதைக் கவனிக்கிறார். அது நீரில் வாழ்ந்ததால் வந்த ஒற்றுமை, உறவு அல்ல என்கிறார். சரியான சந்தேகம். ஆனால் மார்பெலும்பில் நெருப்புக்கோழிக்கு இல்லாதது போலவே இதற்கும் முகடு இல்லை என்றதும், அதை உறவு என்றே எடுத்துக்கொண்டு நீந்தும் நெருப்புக்கோழி ஆக்கிவிடுகிறார். பறக்காத பறவைக்கு அந்த முகடு தேவையில்லை, அவ்வளவுதான். ஒன்று தரையில் ஓடி அதை இழந்தது, இன்னொன்று நீரில் நீந்தி இழந்தது. ஓர் ஒற்றுமையைச் சந்தேகித்தவர் இன்னொன்றில் மயங்கிட்டார். உவமை எங்கே முடிந்து வாதம் எங்கே தொடங்குகிறது என்பது அவருக்கே தெரியவில்லை. தமிழ் விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு இது பழக்கமான பள்ளம்.

ஆனாலும் புத்தகம் நிற்கிறது. காரணம் அதன் 34 படத்தாள்கள். ஒவ்வொரு எலும்பும் பொறுமையாக, அளவோடு வரையப்பட்டிருக்கிறது. மார்ஷ் பறவையைத் தரையில் நிமிர்ந்து நிற்கவிட்டார். பின்னால் வந்தவர்கள் இடுப்பையும் காலையும் மறுபடி ஆராய்ந்து, கால்கள் பக்கவாட்டில் விரிந்தவை, அப்படி நிற்பது கஷ்டம் என்றார்கள். தன்னை மறுக்கத் தேவையானதையும் சேர்த்தே அச்சிட்டுவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன். ஒரு புத்தகத்திடம் இதைவிடப் பெரிய நேர்மையை நான் எதிர்பார்க்கவில்லை.

இனி அந்த அடி. வெளிவந்த ஆண்டிலேயே டார்வின் மார்ஷுக்குக் கடிதம் எழுதி, இந்தப் பறவைகள் உட்பட அவருடைய தொல்லுயிர் ஆய்வுகளைப் பரிணாமக் கொள்கைக்கு 20 ஆண்டுகளில் கிடைத்த மிகச் சிறந்த ஆதரவாகப் பாராட்டினார். 1892-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஹிலரி ஹெர்பர்ட் இதே புத்தகத்தை அரசுப் பண விரயத்துக்கு உதாரணமாகக் காட்டினார். பல் உள்ள பறவை என்பதே கேலியானது. நிதி வெட்டப்பட்டது. அரசு நில ஆய்வுத் துறையில் இருந்த பதவியை மார்ஷ் இழந்தார்.

நண்பனிடம் இதைச் சொன்னேன். "அப்போ ஹெர்பர்ட் கட்சிதான் நான்," என்று சிரித்தான். தமிழில் எழுதுவதைப் பற்றியும் அவன் கேட்பது அதே கேள்விதான். என்னிடம் தயாரான பதில் இல்லை. கைபேசியை வாங்கி, அந்தப் பறவையின் காலைப் பெரிதாக்கி, "முட்டி ஏன் இப்படி இருக்கு?" என்று அவனே கேட்டான். தே தாரிக் முழுசா ஆறிடுச்சு.

ஸ்கேன் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எலும்புப் படங்களை முதலில் பாருங்கள். பிறகு உரை. நிமிர்ந்து நிற்கும் அந்த முழு உருவத்தைக் கடைசியில்.