எங்கள் ஊருக்கு வராத கேப்டன்

‘அவன் சரியான எம்டன்ப்பா!’ என்று யாரையாவது நீங்கள் சொல்லியிருப்பீர்கள். குறைந்தபட்சம் உங்களை யாராவது சொல்லியிருப்பார்கள். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டுவிட்டு, பிடிபடாமல் நழுவிய ஜெர்மன் கப்பல் எம்டன். நியாயமாகப் பார்த்தால் திட்ட வேண்டும். நாமோ அதன் பெயரைப் பாராட்டாக மாற்றிவிட்டோம். முதல் உலக யுத்தம் தமிழனுக்குக் கொடுத்த சூப்பர் ஹீரோ ஒரு கப்பல், அதுவும் எதிரியின் கப்பல்!

இப்போது எதற்கு எம்டன் என்கிறீர்களா? சமீபத்தில் பரண் சுத்தம் செய்தபோது ஒரு பழைய யுத்த ஹீரோ கையில் கிடைத்தார். கேப்டன் ஹரிகேன். கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்லை, அதுதான் இன்றைய விஷயமே.

நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் நான் வளர்ந்த காலத்தில், வாடகை நூல்நிலையத்துக் காமிக்ஸ்தான் எங்கள் ஹாலிவுட். முத்து காமிக்ஸ் 1972-ல் சிவகாசியிலிருந்து கிளம்பியபோது முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. அட்டை கிழிந்து, நாலு பக்கம் காணாமல் போன அந்தப் பழைய இதழ்கள் எங்கள் தெருவில் பல வருஷம் கழித்தும் கை மாறிக்கொண்டிருந்தன. 1984-ல் வந்த லயன் காமிக்ஸ் மூலமாக ஸ்பைடரும் ரோபோ ஆர்ச்சியும் தெரிந்தார்கள். எல்லோரும் நம்ம ஆட்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். லண்டன்காரர்கள் என்று தெரிந்தபோது சின்ன அதிர்ச்சி.

நாகூர் கந்தூரிக்கு வந்த ஒரு பினாங்குக்காரர்தான் உண்மையை உடைத்தார். அவர் கொண்டுவந்து கொடுத்த ‘வேலியன்ட்’ என்ற பழைய ஆங்கில வாரப் பத்திரிகைகளில் மாயாவி இருந்தார். அங்கே அவர் பெயர் லூயிஸ் கிராண்டல். அதே இதழ்களில் இன்னொருத்தரும் இருந்தார். பனைமரம் மாதிரி உடம்பு, மூக்கு விடைத்த கோபம், ராயல் மரீன் சீருடை. கேப்டன் ஹெர்குலிஸ் ஹரிகேன்.

1962 அக்டோபர் 6 தேதியிட்ட வேலியன்ட் முதல் இதழில் மாயாவியும் ஹரிகேனும் ஒன்றாகத்தான் அறிமுகமானார்கள். ஒரே நாளில் பிறந்த இரண்டு பிள்ளைகள்! 1976-ல் பத்திரிகை மூடும்வரை ஹரிகேன் இருந்தார். மாயாவி அதற்கு முன்பே விடைபெற்றுவிட்டார். லண்டன் கணக்குப்படி ஜெயித்தவர் ஹரிகேன். ஆனால் வெளிப்பாளையத்தில் மாயாவிக்குத்தான் கட் அவுட் வைக்காத குறை.

ஏன்? பி.காம். படித்த புத்தி, பற்று வரவு போட்டுப் பார்க்காமல் விடாது.

முதலில் வரவு. கதை இரண்டாம் உலக யுத்தத்தில் நடக்கிறது. சரக்குக் கப்பல் கேப்டனான ஹரிகேனின் கப்பலை ஜெர்மானியர்கள் மூழ்கடிக்கிறார்கள். அவர் கமாண்டோ படையில் சேருகிறார். கூடவே மேகட் மலோன் என்று குள்ளமான ஒரு எடுபிடி. எப்போதும் ஏதாவது நோவு சொல்லி வேலைக்கு டிமிக்கி கொடுக்கும் ஆசாமி. இவர்கள் இருவரின் சண்டை நிஜமாகவே சிரிப்பு வரவழைக்கும். லாரல்-ஹார்டி ஜோடிக்கு யூனிஃபார்ம் மாட்டினால் எப்படி இருக்கும், அப்படி.

அப்புறம் அந்தக் கோபம்! எதிரி ஏதாவது செய்துவிட்டால் ஹரிகேனுக்கு ரத்தம் தலைக்கு ஏறும். டாங்கியைத் தூக்கி வீசுவார், பீரங்கிக் குழாயை முறுக்குவார். மருந்து கிடையாது, மந்திரம் கிடையாது, வேற்றுக்கிரகம் கிடையாது. கோபம் மட்டும்தான் சக்தி. நம்ம சினிமா ஹீரோ தங்கச்சியைத் தொட்டால் எப்படிப் பொங்குவாரோ, அதேதான். அந்த ஒரு பக்கம் படிக்கும்போது எனக்கே புஜம் துடித்தது உண்மை.

இனி பற்று. ஒரு வாரத்துக் கதையைப் படித்தால் போதும், எல்லா வாரக் கதையும் படித்தாச்சு. மலோன் புலம்புவான், எதிரி வம்பிழுப்பான், கேப்டன் பொங்குவார், எல்லாம் நொறுங்கும். தோற்க வாய்ப்பே இல்லாதவன் ஜெயித்தால் நமக்கு என்ன?

மாயாவியைப் பாருங்கள். அவர் முதலில் வில்லனாகத்தான் வருகிறார். ஆய்வுக்கூட உதவியாளர், ஒரு கை போனவர், மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர உடம்பு மறையும். அந்தச் சக்தி தலைக்கேறித் தப்பு செய்கிறார், பிறகு திருந்துகிறார். ஸ்பானிய ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ வரைந்த நிழல்களில் அந்தக் குற்ற உணர்ச்சி அப்படியே தெரியும். தவிர, மாயாவிக்குக் கரண்ட் வேண்டும். அடிக்கடி கரண்ட் போகிற ஊர்க்காரனுக்கு அதைவிட நெருக்கமான பலவீனம் வேறென்ன இருக்க முடியும்!

பற்றுப் பக்கத்தில் பெரிய தொகை இனிமேல்தான். ஹரிகேன் ஜெர்மானியரையும் இத்தாலியரையும் ஜப்பானியரையும் இனத்தை வைத்துத் திட்டுவார். ஜப்பான்காரன் என்றால் பல் நீண்ட பொம்மை. அது அந்தக் காலத்து வழக்கம் என்று விட்டுவிடலாம். எனக்கு உறுத்தியது வேறு. இரண்டாம் யுத்தத்தில் இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர். நான் புரட்டிய பக்கங்களில் அவர்களில் ஒருத்தர்கூட இல்லை.

திண்ணையில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருந்தபோது தாத்தா எட்டிப் பார்த்தார். யுத்தத்துக்கு முன்பு பினாங்கில் ஒரு கிட்டங்கியில் கணக்கெழுதியவர். “என்ன தம்பி, வெள்ளைக்காரன் ஜப்பான்காரன அடிக்கிறானா?” என்றார். தலையாட்டினேன். “நான் பாத்தப்போ அப்படி நடக்கலியே. துரைங்க ராத்திரியோட ராத்திரியா கப்பல் ஏறிட்டாங்க. விடிஞ்சு பாத்தா நாங்கதான் மிச்சம்.” அவ்வளவுதான் சொன்னார். வெற்றிலையை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வளர்ந்த பிறகு சரித்திரத்தில் தேடினேன். தாத்தா சொன்னது அட்சரசுத்தம். 1941 டிசம்பர் 11-ம் தேதி பினாங்கின் மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. சில நாட்களில் ஐரோப்பியர்களை மட்டும் ரகசியமாகக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் விட்ட இடத்திலேயே நின்றார்கள். கோட்டையில் யூனியன் ஜாக் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. கொடி பறந்தால் குண்டு விழும்.

அதை இறக்கியவர் யார் தெரியுமா? ஒரு பத்திரிகை ஆசிரியர்! ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் எம். சரவணமுத்து. இலங்கைத் தமிழர். கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போய்க் கொடியை இறக்கி, வெள்ளைக்கொடியை ஏற்றினார். ஊரில் ராணுவம் இல்லை, குண்டு போடாதீர்கள் என்று வானொலியிலும் அறிவித்தார். டாங்கியைத் தூக்கவில்லை, பீரங்கியை முறுக்கவில்லை. கயிற்றைப் பிடித்து ஒரு துணியை இறக்கினார். அந்தச் சின்ன வேலையின் அர்த்தம், எஞ்சியிருந்த ஒரு ஊரே உயிரோடு இருக்கட்டும் என்பது. என் தாத்தா உட்பட.

ஹரிகேனுக்கு 2005-ல் இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. ஆலன் மூர் கதைக்கரு கொடுக்க, அவர் மகள் லியாவும் ஜான் ரெப்பியனும் எழுதிய ‘ஆல்பியன்’ என்ற ஆறு இதழ்த் தொடர். பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் ஆட்கள் அத்தனை பேரும் ஒரே உலகத்தில் நிஜமாக வாழ்ந்தவர்கள், அரசாங்கம் அவர்களைப் பிடித்து ஒரு கோட்டையில் அடைத்துவிட்டது என்று கதை. மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி எல்லோரும் உண்டு. அமெரிக்க வாசகன் ‘யாருடா இவங்க?’ என்று முழித்திருப்பான். நாற்பது தாண்டிய தமிழனுக்கோ பழைய ஸ்கூல் நண்பர்களை ஜெயிலில் பார்த்த மாதிரி இருக்கும்!

அருமையான யோசனை, ஆனால் கூட்டம் ஜாஸ்தி. ஹரிகேன் மூலையில் ஒரு ஆளாக நிற்கிறார். தேவைப்பட்டபோது கொண்டாடி, முடிந்ததும் பூட்டிவைக்கிற அரசாங்கத்தை அந்தத் தொடர் சரியாகவே கேலி செய்கிறது. ஆனால் என் தாத்தா பார்த்த அந்தக் காலையைப் பற்றி அதிலும் ஒரு கட்டம் இல்லை.

இங்கேதான் எனக்கு ஆதங்கம். வெள்ளைக்காரன் அவன் யுத்தத்தை அவன் பிள்ளைகளுக்கு வரைந்தான், அது அவன் உரிமை. ஹரிகேன் நம்மை வரையவில்லை என்று குறைப்படுவதைவிட, நாம் ஏன் நம்மை வரையவில்லை என்று கேட்பதுதான் நியாயம். பினாங்குக்குக் கப்பல் போன ஊர் நாகப்பட்டினம். சயாம் ரயில் பாதையில் செத்த தமிழ்க் கூலிகள் உண்டு, நேதாஜி படையில் துப்பாக்கி பிடித்த தோட்டத்துப் பெண்கள் உண்டு. இத்தனை கதை இருந்தும் நம் வீட்டுப் பிள்ளைகள் கேப்டன் அமெரிக்கா சட்டை போட்டுக்கொண்டு அலைகிறார்கள். தப்பில்லை. ஆனால் சரவணமுத்து யார் என்று ஒரு கட்டத்தில் ஒருத்தராவது காட்டியிருந்தால் நன்றாக இருக்கும்.

உங்கள் வீட்டில் ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று பேசுகிற கிழவர் யாராவது இன்னும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை டி.வி.யை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். நான் அன்றைக்கு இரண்டாவது கேள்வி கேட்காமல் காமிக்ஸுக்குத் திரும்பிவிட்டேன்.

குண்டு போட்ட கப்பலுக்குத் தமிழில் ஒரு வார்த்தை கொடுத்தோம். கொடியை இறக்கிய மனிதருக்கு இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை.