5.25 அங்குல அறையில் நீர்த்தொட்டி: நிறைகளும் குறைகளும்
கணினி நீர்க் குளிரூட்டலில், குறுவட்டு இயக்கிக்குரிய 5.25 அங்குல அறையில் நீர்த்தொட்டியைப் பொருத்தும் முறை உண்டு. ஓர் அறையின் உயரம் ஏறத்தாழ 41 மி.மீ.; பம்புடன் கூடிய தொட்டிகள் பெரும்பாலும் இரண்டு அறைகளை எடுத்துக்கொள்ளும். வீணாகக் கிடக்கும் இடம் பயன்படுவதும், நீர்மட்டம் முகப்பிலேயே தெரிவதும் இதன் நிறைகள்.

குறைகளும் உண்டு. நிரப்பும் வாய் மேற்பக்கம் இருந்தால், தொட்டியை வெளியே இழுத்தே நீர் ஊற்ற வேண்டும். அதற்கேற்பக் குழாய்கள் நீளமாக இருக்க வேண்டும். பம்பின் அதிர்வு தகட்டுப் பெட்டிக்குப் பரவினால் இரைச்சல் கூடும். மிகப் பெரிய குறை கசிவு. பல பெட்டிகளில் இவ்வறைக்கு நேர் கீழே நிலைவட்டுகள் இருப்பதால், சொட்டும் நீர் தரவையே அழிக்கக்கூடும். எனவே பம்பை மட்டும் இயக்கிக் கசிவைச் சோதிக்காமல் கணினியை இயக்கக் கூடாது. இன்றைய பெட்டிகள் பலவற்றில் இவ்வறையே இல்லாததால், பழைய பெட்டி வைத்திருப்போருக்கே இம்முறை ஏற்றது.