அல்லிராணி: கதை சொல்வதும் நாம் சொல்வதும்

வீட்டில் ஒரு பெண் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், "இங்க அல்லி ராச்சியம் நடக்குது" என்று சொல்லிவிடுகிறோம். மன்னார்க் கரையில், அதிலும் முசலிப் பக்கத்தில், இந்தப் பேச்சுக்குக் கூடுதல் கனம் உண்டு. அங்கே அல்லி ஊர்க்காரி. அரிப்பில் கடலோரம் இடிந்து நிற்கும் கட்டடத்தை அல்லிராணி கோட்டை என்பார்கள். தெற்கே குதிரைமலையில் அவளுக்கு அரண்மனை இருந்தது, முத்தைக் கொடுத்து அரபு வணிகரிடம் குதிரை வாங்கினாள் என்றும் கதை சொல்லுவாங்க.

அவள் எப்படிப்பட்டவள் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: திமிர் பிடித்தவள், ஆண்களை வெறுத்தவள், கடைசியில் ஒருவனால் அடக்கப்பட்டவள். இந்தப் பதில் கதையில் இருக்கிறதா, அல்லது கதையின் மேல் நாம் ஏற்றிவைத்ததா?

முதலில் சாட்சிகளைப் பிரித்துக்கொள்வோம். அரிப்புக் கட்டடம் சாட்சி ஆகாது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காகப் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் தமது ஆட்சிக் காலத்தில் (1798–1805) கட்டிய மாளிகை அது. குதிரைமலைக் கதை வாய்மொழி. எழுத்தில் நமக்குக் கிடைப்பது 'அல்லி அரசாணி மாலை'. புகழேந்திப் புலவர் பெயரில், பெரிய எழுத்துப் பதிப்பாக ஊரூராகப் பரவிய நூல். அதில் அல்லி பாண்டியன் மகள். அவளுடைய தலைநகர் மதுரை. பாண்டிய நாட்டு முத்துக்கும் மன்னார் முத்துக்கும் கடல் ஒன்றுதான். மதுரை ராணி இக்கரைக்குக் குடிவந்ததில் வியப்பில்லை. ஆனால் அவள் குணத்தைத் தீர்மானிக்க வேண்டுமானால், அவள் என்ன செய்கிறாள், அவளுக்கு என்ன செய்யப்படுகிறது என்பதை நூலில்தான் பார்க்க வேண்டும்.

அர்ச்சுனன் வருவதற்கு முன்பே அல்லி முழு ஆளாக இருக்கிறாள். ஆட்சியைப் பறித்தவனை வென்று, அரியணையைத் தானே மீட்கிறாள். அவளுடைய அதிகாரம் புருஷன் கொடுத்ததல்ல, உழைத்துப் பெற்றது. இதைத் திமிர் என்று சொல்ல நூலில் இடமில்லை.

அர்ச்சுனன் விரும்புகிறான், அவள் மறுக்கிறாள். மறுப்பு தெளிவாக இருக்கிறது. அதன் பிறகு நடப்பதுதான் கதையின் மையம். கிருஷ்ணன் துணையோடு, பாம்பு வடிவில் உள்ளே நுழைந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். விழித்தெழுந்தவள் சினம் கொள்கிறாள். "பார்த்தீங்களா, எவ்வளவு கோபக்காரி!" என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது இந்தச் சினத்தைத்தான். காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் எடுத்து அதைக் குணம் என்பது வாசிப்பு ஆகாது.

'கடைசியில் அவனை ஏற்றுக்கொண்டாளே, பிள்ளையும் பெற்றாளே' என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கதைமரபு அங்கே சுபம் போட்டு நிறுத்திவிடவில்லை. மகன் புலந்திரன் பவளத்தேர் கேட்கிறான். அதைத் தேடிப்போன அர்ச்சுனன் பவளக்கொடியை மணக்கிறான். அல்லியின் மறுப்பு வெறும் பிடிவாதம் இல்லை என்பதற்கு அடுத்த கதையே சாட்சி சொல்கிறது.

நம் மரபிலேயே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நூல் உண்டு. 'சைத்தூன் கிஸ்ஸா'விலும் போர் புரியும் இளவரசி வருகிறாள். முகம்மது ஹனீபா அவளைக் களத்தில் எதிர்கொண்டு, பிறகு மணக்கிறார். அந்தக் கதையிலும் பெண்ணை வென்றுதான் மணம் நடக்கிறது. அதை அப்படியே போற்ற வேண்டியதில்லை. ஆனாலும் சைத்தூன் விழித்திருக்கிறாள், கையில் ஆயுதம் இருக்கிறது, எதிரில் நிற்பவர் யார் என்று தெரியும். அல்லிக்கு இதில் ஒன்றுகூட இல்லை. இரண்டு பேரையும் 'அடக்கப்பட்ட வீராங்கனைகள்' என்று ஒரே கட்டில் கட்டினால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

இது பழங்கதைச் சண்டை மட்டும் இல்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இயற்றப்பட்டபோது பதிவேட்டில் மணமகளின் கையொப்பம் கட்டாயமாக்கப்படவில்லை. அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நம் சமூகம் நீண்ட காலமாக விவாதிக்கிறது. ஒரு பெண்ணின் சம்மதத்தைக் கேட்டறிய வேண்டும் என்று சொல்லும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். தூக்கத்தில் கட்டிய தாலியை வேடிக்கையாகவும், விழித்தவளின் கோபத்தைக் குற்றமாகவும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்குப் பொருந்துமா?

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முசலி மக்களும் சிதறினார்கள். புத்தளத்தில் வேர்விட்டவர்கள் பலர். அல்லி கதை தெரிந்த மூத்த உம்மாமார் இரண்டு பக்கமும் இருப்பார்கள். அவர்களிடம் கோட்டை எங்கே, குதிரை எத்தனை என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. "நீங்க சொல்லுற கதையில தாலி கட்டுற நேரம் அல்லி முழிச்சிருந்தாவா?" என்று கேட்டு, வரும் பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வைக்க வேண்டும்.