கழற்றக்கூடிய அழகு

மட்டக்களப்பு வாவியோரத்தில் பழைய கார் வைத்திருப்பவருக்கு முதல் எதிரி கறள். எழுவான்கரை என்பது ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உவர்நீரும் நெருக்கும் ஒடுங்கிய நிலம். அங்கிருந்து வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைக்குப் போக, குருக்கள்மடத்திலோ குருமண்வெளியிலோ வாகனத்தைப் பாதை என்று அழைக்கும் மிதவைப் படகில் ஏற்றினால் அடித்தகடு உவர்நீருக்குச் சற்று மேலேதான் நிற்கும். இப்படிப்பட்ட இடத்தில் அறுபது வயதுக் கார் ஒன்று இன்னும் ஓடுகிறதென்றால், அதை யாரோ விடாமல் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். திருத்துகிறவர் அதோடு நிற்பதுமில்லை. வேறு காபரேற்றர், வேறு பிறேக், வேறு கியர்பெட்டி என்று வண்டியைத் தன் விருப்பத்துக்கு மாற்றவும் தொடங்குவார். அந்த மாற்றங்களை எப்படி ரசிப்பது, எதை வைத்து நல்லது கெட்டது பிரிப்பது? வேகத்தை வைத்துச் சிலர் மதிப்பிடுவார்கள், பளபளப்பை வைத்துச் சிலர், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்று பார்த்துச் சிலர். நான் கேட்பது வேறு கேள்வி: இன்று செய்த மாற்றத்தை நாளை இன்னொருவர் ஸ்பனரோடு வந்து கழற்ற முடியுமா? முடியுமென்றால் அது கலை. முடியாதென்றால், எவ்வளவு மினுங்கினாலும் அது வண்டிக்குச் செய்த காயம்.

மாற்றியமைப்பு என்றதும் நினைவுக்கு வரும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்கள் கிழக்குக் கரையில் அரிது. ஆனால் அவற்றின் இரத்தம் இங்கே நன்கு அறிமுகமான ஒரு வண்டியில் ஓடுகிறது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர்தான் அது. 1956இல் அதற்கு 948 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின் கிடைத்தது; வலு 37 குதிரை. 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட் என்ற ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் அதே 948 சிசி எஞ்சின்தான். ஒன்றுக்குப் பதில் இரண்டு எஸ்.யு. காபரேற்றர்கள் பூட்டியதும் வலு 43 ஆயிற்று. ஸ்பிரைட்டின் ஸ்டியரிங் பொறியும் மைனரிலிருந்து எடுத்ததே; முன் சஸ்பென்ஷன் ஒஸ்ரின் ஏ35இலிருந்து வந்தது. அதாவது அந்தப் பேர்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரே குடும்பக் கார்களின் பாகங்களைத் தெரிந்தெடுத்துக் கோத்த ஒரு மாற்றியமைப்பு. தன் மைனருக்கு இரண்டாவது காபரேற்றர் தேடும் மட்டக்களப்புக்காரர் வண்டிக்கு அந்நியமான எதையும் செய்யவில்லை. அதன் குடும்பத்துக்குள் முன்பே நடந்த ஒன்றைத் தன் முற்றத்தில் திரும்பச் செய்கிறார்.

இதற்கு முதல் மறுப்பு சேகரிப்பாளர்களிடமிருந்து வரும்: பழைய பொருளை வந்தபடியே வைத்திருப்பதுதான் மரியாதை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த நாளை ஒறிஜினல் என்று கொள்வது? மைனரின் மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தெரிந்ததால் இசிகோனிஸ் அதை நெடுக்காக இரண்டாக வெட்டச் சொல்லி நான்கு அங்குலம் அகட்டினார். பொனற்றின் நடுவே ஓடும் தட்டைப் பட்டி அந்த வெட்டின் அடையாளம். ஏற்கெனவே செய்து வைத்திருந்த பம்பர்களையும் வெட்டி நடுவில் ஒட்டுத்துண்டு வைத்தார்கள். உலகம் அழகென்று கொண்டாடிய முகமே ஒரு ஒட்டுவேலை. இதைவிட நடைமுறையான பதிலும் உண்டு. அந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. வால்வு உட்காரும் வார்ப்பிரும்பு விளிம்பைத் தேயாமல் காத்தது அந்த ஈயம். இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் நின்றது. அதன்பின் எஞ்சின் ஹெட்டை வந்தபடியே விட்டால் விளிம்பு மெல்லத் தேயும். லேத்காரரிடம் கொடுத்துக் கடின உருக்கு வளையம் இறக்குவது வெளியே தெரியாத மாற்றம். வண்டியின் பழமையைக் காப்பதும் அந்த மாற்றம்தான்.

கைத்திறனை உண்மையில் பார்க்க விரும்புகிறவர் பெயின்ரைப் பார்க்கக் கூடாது, குனிந்து அடியைப் பார்க்க வேண்டும். மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடற்தகடே பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி விளிம்பு, பின் வில்லுத்தகடு கொளுவும் இடம், முன் குறுக்குத்தண்டின் நுனிகள் ஆகியவற்றில்தான் உப்பீரம் தங்கி உள்ளிருந்து தின்னத் தொடங்கும். அவசரக்காரர் ஓட்டைக்கு மேல் புதுத்தகட்டை வைத்து ஒட்டி, பட்டி பூசி மினுக்கிவிடுவார். பழைய தகடும் புதியதும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் அந்த இடுக்கில் உவரீரம் குடியேறும். இரண்டு மாரி போனால் ஒட்டே உதிரும். தேர்ந்தவர் நல்ல இரும்பு வரும்வரை வெட்டுவார். விளிம்போடு விளிம்பு பொருந்தத் தகட்டை அளந்தெடுத்து, ஓரிடத்தில் சூடு கூடித் தகடு கோணாதபடி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டுவைத்து வெல்டிங் செய்வார். பெட்டியின் அடியில் நீர் வடிய வழிவிட்டு, உள்ளே மெழுகோ எண்ணெயோ ஏற்றுவார். ரசிகர் கையில் ஒரு சிறு காந்தம் போதும். தகட்டின் மேல் அதை நகர்த்தினால் பட்டி தடித்த இடத்தில் பிடி விட்டுவிடும். எவ்வளவு வேலை, எவ்வளவு மறைப்பு என்பது தெரிந்துபோகும்.

எஞ்சினுக்கு வந்தால் கண்ணைவிடக் காதே நீதிபதி. எஸ்.யு. காபரேற்றரின் பிஸ்டனைச் சற்றே தூக்கிப் பார்ப்பார்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நிலைத்தால் பெற்றோல் அதிகம், தளர்ந்தால் குறைவு, ஒரு கணம் ஏறி அடங்கினால் சரி. இரட்டைக் காபரேற்றரானால் இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு நுனியை ஒவ்வொன்றின் வாயிலும் மறு நுனியைக் காதிலும் வைத்து இரைச்சலை ஒப்பிடுவார்கள். கல்லடிப் பாலத்தடியில் பாடும்மீனின் ஒலிக்காகத் துடுப்பை நீரில் ஊன்றி மறுமுனையில் காதை வைக்கும் ஊருக்கு இந்தக் கேள்விமுறை புதிதல்ல. நல்ல கைக்கு இன்னோர் அடையாளம், வேலையின் வரிசை. வலுவைக் கூட்டுமுன் பிறேக்கைக் கூட்டுவார். மைனரின் பழைய ஏழங்குல டிரம்களை விட்டு, அதே குடும்பத்து எம்.ஜி. மிட்ஜெட்டின் முன் டிஸ்க் பிறேக்கைப் பொருத்துவார். வேகத்துக்கு முன் நிறுத்தத்தை யோசிக்காதவரின் மற்றத் திறமைகளைப் பார்க்கவே தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு பணப்பையிலிருந்து வருவது: இத்தனை பாடு எதற்கு, ஜப்பானிய டீசல் எஞ்சின் ஒன்றை இறக்கினால் செலவும் குறையும், சாமானும் கிடைக்கும். சாமான் கிடைப்பது பெரிய விடயம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் கனத்த டீசல் எஞ்சினுக்கு இடம் பண்ணக் குறுக்குத்தண்டை வெட்ட வேண்டிவரும். முன் முறுக்குத்தண்டு வில்கள் கூடிய பாரத்தில் அமிழும், ஸ்டியரிங் கனக்கும். வெட்டியதை மீட்க வழி இல்லை. அதற்காக ஜப்பானியப் பாகம் என்றாலே தவறென்பதில்லை. நிசான் 1952இல் ஒஸ்ரினோடு உடன்படிக்கை செய்து ஒஸ்ரின் கார்களைக் கட்டிப் பழகிய கம்பனி. அதன் டற்சன் வண்டியின் ஐந்து கியர் பெட்டியை இடைத்தகடு வைத்து ஏ-சீரிஸ் எஞ்சினோடு போல்ற் போட்டுப் பூட்டுபவர்கள் உண்டு. பழைய பெட்டியைச் சாக்கில் சுற்றி வைத்தால் விரும்பிய நாளில் திரும்பப் பூட்டலாம். பாகம் எந்த நாட்டுது என்பது இரண்டாம் பட்சம், போல்றா வெட்டா என்பதே முதற்பட்சம்.

கடைசி மறுப்புத்தான் கனமானது. இல்லாமையால் செய்ததைக் கலையென்று புகழ்வது, பட்ட பாட்டை அலங்கரிப்பதாகாதா? அறுபதுகளிலிருந்து நீண்ட இறக்குமதிக் கட்டுப்பாடு, பிறகு போர். தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்ட யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய ஒஸ்ரின் ஏ40களை யாரும் ஆசைக்காக அப்படி மாற்றவில்லை. உண்மைதான். ஆனால் தட்டுப்பாடு வேலையைக் கட்டாயப்படுத்தியதே தவிர வேலையின் தரத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரே தட்டுப்பாட்டில் ஒருவர் பட்டி பூசினார், இன்னொருவர் நல்ல இரும்பு வரும்வரை வெட்டினார். இந்த நாட்டுக் கைகள் அடித்த மைனர் உடற்தகடுகள் தொண்ணூறுகளில் இங்கிலாந்துக்கே விலைக்குப் போயின. இரக்கப்பட்டு யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறந்துவிட்டது. புதுக் கார் வாங்கக்கூடியவர் பழையதையே வைத்துத் திருத்தினால் இனி அது அவருடைய தெரிவு. வேறு வழியில்லை என்று தப்ப முடியாது. ஆகவே இனி நாம் கண்டிப்பாகவே மதிப்பிடலாம். கழற்றிய சாமான்கள் எங்கே, எதை எப்போது மாற்றினீர்கள் என்று எழுதிய கொப்பி எங்கே என்று கேட்கலாம். இரண்டையும் எடுத்து நீட்டக்கூடியவரின் காரைத்தான் பெயின்ற் மங்கியிருந்தாலும் நின்று ரசிக்க வேண்டும்.