ஆடியோஃபைல் ஸ்விட்ச்: கேபிளைப் பிடுங்கினால் என்ன கேட்கிறது?

பக்கத்துத் தெருவில் இருக்கும் சார் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. சங்கீதம்தான் அவருக்கு எல்லாம். போன மாதம் பெருங்களத்தூர் ஸ்டேஷன் வாசலில் பிடித்துக்கொண்டார். "நீங்க கம்ப்யூட்டர்காரர்தானே, ஒரு ஸ்விட்ச் வாங்கலாம்னு இருக்கேன், பார்த்துச் சொல்லுங்க." ரிச்சி தெருவில் ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கிற ஐந்து போர்ட் ஸ்விட்ச் இல்லை. ஆடியோஃபைல் ஸ்விட்ச். விலை 60,000 ரூபாய்க்கு மேல். நண்பர் வீட்டில் கேட்டாராம். திரை விலகின மாதிரி தம்புரா தனியாக நின்றதாம்.

சிரிக்கத் தோன்றியது, சிரிக்கவில்லை. நண்பரின் ஸ்விட்சை ஒரு வாரம் இரவல் வாங்கி வரச் சொன்னேன். முதல் நாள் ராத்திரி மாற்றிப் போட்டுக் கேட்டோம். எனக்கும் வித்தியாசம் கேட்டது. இருபது வருஷமாக நெட்வொர்க்கோடு குப்பை கொட்டுகிற எனக்கே! அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஸ்விட்சுகள் பற்றிய விளம்பரங்களில் இரண்டு வாதங்கள் கலந்துகட்டி வரும். ஒன்று, துல்லியமான கிளாக். இரண்டு, மின் இரைச்சல். இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதல் வாதம் நிற்காது. லாரித் தண்ணீர் வாங்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும். லாரி குலுங்கிக்கொண்டு வந்ததா, டிரைவர் நிதானமாக ஓட்டினாரா, எதுவானாலும் தண்ணீர் சம்ப்பில்தான் விழுகிறது. மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றிய பிறகு, குளியலறைக் குழாயில் அது வரும் வேகத்துக்கும் டிரைவருக்கும் சம்பந்தமில்லை. பாட்டும் அப்படித்தான். எதர்நெட்டில் போகும் ஒவ்வொரு ஃபிரேமின் வாலிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் இருக்கிறது. கெட்டுப்போன ஃபிரேமைத் தூக்கி எறிந்துவிடுவார்கள், டிசிபி மறுபடி கேட்டு வாங்கும். வந்ததெல்லாம் ஸ்ட்ரீமரின் மெமரியில் காத்திருக்கும். அதை எடுத்து ஒலியாக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது டாக்கின் பக்கத்தில் உள்ள கிளாக், ஸ்விட்சில் இருப்பது அல்ல. அவசரமும் கிடையாது: சிடி தரப் பாட்டுக்கு விநாடிக்கு 1,411 கிலோபிட் போதும், மட்டமான 100 மெகாபிட் போர்ட்டே அதைப் போல 70 மடங்கு தாங்கும். நெட்வொர்க் நிஜமாகவே மோசமானால் பாட்டு நின்றுவிடும். தம்புரா மட்டும் மங்கலாகாது.

இரண்டாவது வாதத்தை அப்படி ஒதுக்க முடியாது. எதர்நெட் போர்ட்டுக்குள் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் இரண்டு கருவிகளுக்கு இடையே நேரடி மின் இணைப்பு இல்லை. ஆனாலும் உயர் அதிர்வெண் இரைச்சல் கொஞ்சம் கசியும். ஷீல்டு போட்ட கேபிள் என்றால் அந்த ஷீல்டு வழியாகவே இரண்டு பக்க எர்த்தும் கைகோர்த்துக்கொள்ளும். அப்டோன் ஆடியோ 640 டாலருக்குக் கொண்டுவந்த எதர்ரீஜென் இந்தக் கசிவைத் தடுக்கத்தான் தனியாகப் பிரித்த ஒரு போர்ட்டை வைத்தது. யோசித்துச் செய்த வடிவமைப்புதான். ஆனால் ஆடியோ சயின்ஸ் ரிவ்யூவின் அமீர் மஜிதிமெர் அதை அளந்தபோது டாக்கின் வெளியீட்டில் எந்த முன்னேற்றமும் தென்படவில்லை. காதுக்குப் போவது அந்த வெளியீடுதானே?

சரி, நம்ம வீட்டுச் சோதனைக்கு வருவோம். சாரின் பேரன் காசு சுண்டிப் பார்த்து ஸ்விட்சை மாற்றினான், நாங்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். மதுரை மணி ஐயரின் பழைய கச்சேரிப் பதிவு, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து. (அந்த டேப்பின் 'உஸ்' சத்தத்தை எந்த ஸ்விட்சும் குறைக்கப்போவதில்லை என்பது வேறு விஷயம்.) 16 தடவையில் சார் 9 சரியாகச் சொன்னார், நான் 7. காசு சுண்டினாலே 8 வரும். 12 வந்திருந்தால் யோசித்திருப்பேன். 16 தடவை என்பது நுணுக்கமான வித்தியாசத்தைப் பிடிக்கப் போதாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திரை விலகுவது நுணுக்கமான வித்தியாசமா?

சாருக்குத் திருப்தியில்லை. "பரீட்சை மாதிரி வெச்சா காது வேலை செய்யாது" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. சரி, பரீட்சை வேண்டாம், சும்மா கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, பாட்டு நடுவில் ஸ்ட்ரீமரின் பின்னால் இருந்த கேபிளைப் பிடுங்கிவிட்டேன். இப்போது ஸ்விட்சே கிடையாது. கிளாக்கும் இல்லை, கேபிள் வழி இரைச்சலும் இல்லை. மணி ஐயர் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார். மெமரியில் இருந்தது தீர்கிற வரை, ஏறக்குறைய அரை நிமிஷம், சார் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பாட்டு நின்றது.

அந்த அமைதியில் சார் திரும்பிப் பார்த்தார். "ஏதோ சத்தம் குறைஞ்சிருக்கே?" ஸ்பீக்கர் அருகில் காதை வைத்தோம். கேபிளைச் செருகினால் மெல்லிய 'ம்ம்ம்', பிடுங்கினால் இல்லை. இரண்டு ஸ்விட்சிலும் அதே கதைதான். அவர் பாட்டு சேர்த்து வைத்திருக்கும் ஹால் டெஸ்க்டாப்புக்கு மூன்று பின் பிளக், ஆம்பிளிஃபயருக்கும் மூன்று பின். நடுவில் 'ஆடியோ தரம்' என்று ஆசைப்பட்டு வாங்கிய ஷீல்டு கேபிள், இரண்டு எர்த்தையும் பாலம் போட்டு இணைத்திருந்தது. என் பையில் இருந்த சாதாரண ஷீல்டு இல்லாத கேபிளை மாட்டினேன், போயிற்று. எதர்ரீஜென் போன்ற ஒன்றும் ஒருவேளை இதைக் குறைத்திருக்கலாம். வித்தியாசம் கேட்டதாகச் சத்தியம் செய்கிறவர்களில் சிலர் வீட்டில் நடந்தது இதுவாகவே இருக்கலாம். அப்படியானால் மருந்து கேபிள் கடையிலேயே இருக்கிறது. அதிலும் தீராவிட்டால் நடுவில் ஒரு துண்டு ஃபைபர், இல்லையென்றால் வைஃபை. கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது.

இரவல் ஸ்விட்ச் ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போய்விட்டது. நண்பரிடம் என்ன சொன்னீர்கள் என்று சாரிடம் கேட்டேன்.

"பிரமாதமா இருக்குன்னு சொன்னேன். பாவம், அவ்வளவு காசு போட்டிருக்கான்."