நாற்பது பரிந்துரைகளும் 'விசர்' என்ற ஒரு சொல்லும்

2018 இல் நியூசிலாந்தில் வெளியான 'ஹே அரா ஒரங்கா' அறிக்கை உளநலத்தையும் போதைப் பழக்கத்தையும் ஒரே விசாரணைக்குள் கொண்டுவந்தது. அது சரியான தொடக்கம். மனச்சோர்வு தாங்காமல் குடிக்கிற பெடியனிடம் 'முதலில் குடியை விடு, பிறகு வா' என்பது வைத்தியமாகாது. நாற்பது பரிந்துரைகளுக்குப் பின், 2019 வரவுசெலவுத் திட்டம் 190 கோடி டொலரை ஒதுக்கியது. ஆனால் 2030 இற்குள் தற்கொலைகளை 20 வீதத்தால் குறைக்கும் இலக்கை அரசு ஏற்கவில்லை.

ஆரம்பநிலைச் சேவைகளை விரிவாக்கும் திட்டம் நான்கு வழிகளாக வகுக்கப்பட்டது: குடும்ப வைத்தியர் நிலையங்கள், மாவோரி, பசிபிக், 12 முதல் 24 வயது வரையான இளையோர். மண்ணின் மக்களுக்குத் தனிவழி வேண்டும் என்பதில் விவாதமில்லை. ஆசியருக்கு ஏன் இல்லை என்பதே கேள்வி. பிளாக்ஹவுஸ் பேயில் வளரும் நம் பிள்ளைக்கு ஆங்கிலம் போதும், தாய்க்கு? குடும்பத்தை வாசலில் நிறுத்தும் சேவை எப்படிச் சமூகம் சார்ந்ததாகும்?

அரசைச் சாடுவதோடு நம் கடமை முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் யுத்தத்தின் நடுவே தயா சோமசுந்தரமும் சகாக்களும் ஆசிரியர்களையும் கிராமப் பணியாளர்களையும் உளநலப் பணிக்குப் பயிற்றினார்கள். இங்கே, குண்டு விழாத ஊரில், 'விசர்' என்ற ஒரு சொல்லால் நாம் கதவைச் சாத்துகிறோம். கலியாணப் பேச்சுக் குழம்பும் என்று மகனின் வருத்தத்தை மறைக்கிறோம். என்னோடு இரவுவேலை செய்யும் தகப்பன்மாருக்குப் பிள்ளை விழித்திருக்கும் நேரமே தெரியாது.

அகதியின் மனவடுவைப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம் அடுத்த அறையில் இருப்பவனைப் பற்றியும் பேசவேண்டும். தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு உளவளத்துணைப் பயிற்சி கேட்பதிலிருந்து தொடங்கலாம்.